இரண்டு தடவை ஊற்றிய ஆயில்

க்ரோக்கோ தீவில் சிக்ஸ்டனை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. மதிக்கும்படி அவரும் எதுவும் செய்ததில்லை என்பது வேறு விஷயம். முப்பத்தெட்டு வருஷம் மீன் டப்பா தொழிற்சாலையில், டப்பா மூடியை அழுத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள், அவர் வீட்டில் நின்றார். படகுச் சங்கக் கூட்டத்தில் அவர் கை தூக்கினால், காற்று வேண்டும்போல என்று யாராவது எழுந்து ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். அறுபத்தாறு வயதில் அவர் இந்த உலகத்தில் போட்டிருந்த சத்தம் அவ்வளவுதான்.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் உண்டு. செப்டம்பர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்வீடனின் மேற்குக் கரை முழுவதும் சிங்கி இறாலுக்குக் கூண்டு இறக்கலாம். பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஆறு கூண்டு. ஆறு ஐம்பத்தொன்பதுக்குக் கூண்டு தண்ணீரில் பட்டாலும் குற்றம். வரியில் ஏய்ப்பவன், மனைவியிடம் பொய் சொல்பவன், மாதா கோயில் பக்கமே போகாதவன் எல்லோரும் அன்றைக்கு மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு யோக்கியர்களாக நிற்பார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை கூண்டை எடுப்பார்கள். ஊருக்கெல்லாம் ஒன்று, இரண்டு, பல பேருக்கு வெறும் நண்டு. சிக்ஸ்டனின் தொட்டியில் மட்டும் ஐந்தோ ஆறோ, கையளவு கொடுக்கு வைத்த கறுநீலச் சிங்கிகள்.

அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறையில் அவர் நடப்பார் பாருங்கள், மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது. ஐம்பது அடித் துறையைக் கடக்கக் கால் மணி நேரம். "இந்த வருஷமும் எங்கே பிடிச்சே சிக்ஸ்டன்?" என்று கேட்பார்கள். "தண்ணியில" என்பார். இந்த ஒற்றைச் சொல்லைச் சொல்வதற்காகத்தான் மனுஷன் மீதி முந்நூற்று அறுபத்துநான்கு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கரையில் பெண் கொடுப்பார்கள், வீட்டுச் சாவி கொடுப்பார்கள், சிங்கி கிடக்கும் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். சிக்ஸ்டன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. ஆறு கூண்டில் ஒன்றைப் பொய்க்கு என்றே ஒதுக்கியிருந்தார். வடக்கே போய், எல்லோரும் பார்க்க, ஒன்றுமில்லாத மணல் தரையில் அதைப் படாடோபமாக இறக்குவார். பிறகு இரண்டு பாறைத் தீவுகளுக்கு நடுவே முழங்கால் ஆழ ஓடையில் படகை நுழைப்பார். துரத்தி வருகிற பெரிய படகெல்லாம் அங்கே தரை தட்டி நின்றுவிடும். சத்தமும் அலையும் எழும்பாமல் மெதுவாக, மெதுவாக மறுபக்கம் வெளியே வந்து, தெற்கே ஒரு சுற்றுச் சுற்றி, மீதி ஐந்தையும் தன் இடத்தில் இறக்குவார். முப்பத்தொரு வருஷம் இப்படியே ஓடியது.

துரத்தி வருவதில் முதல் ஆள் ஏவால்ட். சிக்ஸ்டனின் மனைவி மாய்வோருக்குக் கூடப்பிறந்த அண்ணன். தீவின் மேற்கு முனையில், அப்பா கட்டிய பழைய செங்கல் வீட்டை இடித்துவிட்டு, கண்ணாடியிலேயே ஒரு மாளிகை கட்டிக்கொண்டவர். அவருடைய படகுக்கு இரண்டு புது மோட்டார். கடலடியைக் கலர் கலராகக் காட்டுகிற திரை ஒன்று. திரையில் எல்லாம் தெரியும், கூண்டில் ஒன்றும் இருக்காது. புதன்கிழமை டவுனில் மீன் கடைக்குப் போய்ச் சிங்கி வாங்கி வந்து, தானே பிடித்ததாகச் சொல்லி விருந்து வைப்பார். கொடுக்கில் கடைக்காரன் மாட்டிய ரப்பர் வளையத்தை ஒரு வருஷம் கழற்ற மறந்துவிட்டார். விருந்தாளிகள் நாகரிகமானவர்கள், அவர் எதிரில் சிரிக்கவில்லை.

இந்தக் கதை நடந்த வருஷம், திங்களுக்கு நாலு நாள் இருக்கும்போது, சிக்ஸ்டனின் மோட்டாரில் கை ஒடிந்தது.

மோட்டார் முப்பத்தைந்து வயசுப் பழசு. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிந்தால்தான் உயிரோடு இருக்கும் ஜாதி. அந்தக் காலத்தில் பெட்ரோல் டப்பாவிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றுவார்கள். இவருடைய மோட்டார் வந்தபோது கம்பெனிக்காரர்கள் புத்திசாலிகள் ஆகிவிட்டார்கள். ஆயிலுக்குத் தனித் தொட்டி, ஒரு குட்டிப் பம்பு. கைப்பிடியை முறுக்கி வேகத்தைக் கூட்டினால், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கை அசைந்து பம்பிடம் சொல்லும், 'இன்னும் கொஞ்சம் ஊற்று' என்று. அந்தக் கைதான் ஒடிந்தது. தானாக ஒடியவில்லை. உறுதியாக இருக்கிறதா என்று சிக்ஸ்டன் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். இல்லை என்று தெரிந்துகொண்டார்.

டவுனில் மோட்டார் கடைக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"அந்த மாடலா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்களே."

"மோட்டார் வேணாம்மா. ஆயில் பம்போட கை மட்டும் போதும்."

"கை தனியா வராது. முழுப் பம்பு எங்கேயாவது கெடக்கான்னு கேட்டுப் பாக்கலாம். ஆறு வாரம் ஆகும்."

"எனக்குத் திங்கக்கிழமை வேணும்."

"எந்த மாசத்துத் திங்கக்கிழமை?" என்றாள் அவள். கிண்டல் இல்லை, நிஜமாகவே எழுதிக்கொள்வதற்காகக் கேட்டாள்.

மோட்டார் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு துறையில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் வந்து சேர்ந்தார். மூக்கில் வேர்த்திருக்கும்.

"என்ன மாப்ளே, மோட்டாருக்கு மூச்சு நின்னு போச்சா?"

"ஒண்ணும் நிக்கலை. ஒரு கை ஒடைஞ்சிருக்கு."

"உன் கையா?"

"பம்போட கை மச்சான்."

ஏவால்ட் குனிந்து பார்த்தார். "அட இதுக்கா இந்த மூஞ்சி! பம்பைத் தூக்கிக் கடாசு. பெட்ரோல் டப்பாவுல ஆயிலை நேரா ஊத்திக் கலக்கு. அம்பதுக்கு ஒண்ணு. ஊர்ல பழைய மோட்டார் வச்சிருக்கிற அத்தனை பேரும் அதானே பண்றான்?"

நல்ல யோசனை. பத்து நிமிஷ வேலை. யாரைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார்கள். ஆனால் சொன்ன வாய் மச்சானுடையதாகப் போயிற்று. அந்த வாய் 'மழை பெய்கிறது' என்று சொன்னால்கூட சிக்ஸ்டன் குடை எடுக்க மாட்டார்.

"எனக்குப் பம்பு வேலை செய்யணும்" என்றார்.

"சரி விடு. எதுக்கு இந்த அவஸ்தை? என் போட்டுல வந்துடு. உன் கூண்டு ஆறையும் ஏத்திக்கலாம். நீ சும்மா உக்காந்துகிட்டு எங்கே போடணும்னு விரலை மட்டும் காட்டு."

"விரலும் ஒடைஞ்சிருக்கு" என்றார் சிக்ஸ்டன்.

ஏவால்ட் சிரித்துக்கொண்டே போனார்.  திங்கட்கிழமை கடலுக்குப் போகாவிட்டால் செவ்வாய்க்கிழமை நடை இல்லை. செவ்வாய்க்கிழமை நடை இல்லாவிட்டால் அவர் யார்? மூடி அழுத்தினவர். அந்த இயந்திரத்தையே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பூராவும் கொட்டகையில் கிடந்தார். முதலில் ஒடிந்த துண்டு இரண்டையும் பசை வைத்து ஒட்டினார். பெட்ரோல் பட்டதும் பசை கஞ்சியாக ஒழுகியது. அலுமினியத் தகட்டில் வெட்டினார், வளைந்தது. மரத்தில் செதுக்கினார், பிளந்தது. கடைசியில் ஆயிலிலும் பெட்ரோலிலும் கரையாத, கெட்டியான, வெள்ளையான ஒரு பிளாஸ்டிக் அவர் கண்ணில் பட்டது. அது சமையலறையில் மாய்வோர் மத்தி மீன் வெட்டும் பலகையாக இருந்தது.

ஆக்சா பிளேடால் மூலையைச் சுண்டுவிரல் அகலத்துக்கு அறுத்தார். ஒடிந்த துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். அரத்தால் தேய்த்தார், உப்புத்தாளால் மழுக்கினார். இரண்டு முனையிலும் துளை போட்டு, வெந்நீரில் முக்கி இளக்கி, சூடு ஆறுவதற்குள் பம்பின் உருண்டை முனையில் வைத்து அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான வேலை. ஒரே ஒரு குறை. உறுதிக்கு இருக்கட்டுமே என்று மூன்று மில்லிமீட்டர் நீளம் கூட விட்டிருந்தார். அதனால் பம்பின் மேல் இருக்கும் கோடும் கையின் கோடும் நேருக்கு நேர் வரவில்லை. மோட்டார் ஊர்ந்தாலும் சரி, பறந்தாலும் சரி, பம்பு மட்டும் பறப்பதாகவே நினைத்துக்கொண்டு ஆயிலைக் கொட்டும்.

'ஆயில் குறைஞ்சுதான் மோட்டார் செத்திருக்கு. கூடிச் செத்ததாகக் கதையே இல்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மைதான். ஆயில் கூடினால் மோட்டார் சாகாது. வேறு என்னவெல்லாம் சாகும் என்று அவர் யோசிக்கவில்லை.

சாயங்காலம் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"சிக்ஸ்டன், என் பலகையோட மூலையை எலி தின்னிருக்கு."

"ம்."

"நேர்க்கோட்டுல தின்னிருக்கு."

"ம்."

"ஸ்கேல் வச்சுத் தின்ன எலியை இப்பதான் பாக்கறேன். அந்த எலிகிட்டச் சொல்லிடு, எனக்குப் புதுப் பலகை வேணும்."

சனிக்கிழமை மோட்டாரை முடுக்கிப் பார்த்தார். ஓடியது. நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்ததால் பின்னால் போனது என்னவென்று பார்க்க எதுவும் மிச்சமில்லை. மனசுக்குள் சங்கத் தலைவராகப் பதவி ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்து காபி குடித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவரைச் சந்தேகம் பிடித்தது. மத்தி வெட்டுகிற பலகையை நம்பிக் கடலுக்குப் போவதா? நடுவில் அந்தக் கை கழன்றால்? பம்பு நின்றால்? மோட்டார் உள்ளே காய்ந்து இறுகிவிட்டால், மச்சான் கயிறு கட்டி இழுத்து வருவார். ஊரே பார்க்கும். அந்தக் காட்சியை நினைத்ததும் எழுந்து கொட்டகைக்குப் போனார். அக்கம்பக்கம் பார்த்தார். பெட்ரோல் டப்பாவில் ஐம்பதுக்கு ஒன்று என்று ஆயிலை அளந்து ஊற்றிக் குலுக்கினார். மச்சானின் யோசனையேதான். யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டால் அது மச்சானின் யோசனை ஆகாது என்பது சிக்ஸ்டனின் கணக்கு.

ஆக டப்பாவில் ஒரு பங்கு ஆயில், பம்பிலிருந்து இன்னொரு பங்கு, அதுவும் வாரி வழங்கும் பம்பு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவர்கள்கூட ஒரு தடவைதான் வைத்துக்கொள்வார்கள்.

திங்கட்கிழமை விடிந்தபோது கடல் எண்ணெய் தடவின தலை மாதிரி படிந்து கிடந்தது. ஒரு பொட்டுக் காற்று இல்லை. துறையில் பதினாலு படகு. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடி, சிக்ஸ்டனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழு அடித்தது. சிக்ஸ்டன் கிளம்பினார்.

வடக்கே போனார். பொய்க் கூண்டை இறக்கினார். ஓடைக்குள் நுழைந்தார். வழக்கம்போல மெதுவாக, மிக மெதுவாக. ஆயில் கூடிப்போன மோட்டார் மெதுவாக ஓடும்போதுதான் அதிகமாகப் புகையும். மோட்டார் இவர் முதுகுக்குப் பின்னால். கண் முன்னால் பாறை. நடுவில் ஒரு தடவை மூக்கில் கருகல் நாற்றம் பட்டது. கூடவே லேசாக மத்தி வாசனையும். 'எவனோ காலங்காத்தால மீன் பொரிக்கிறான்' என்று நினைத்துக்கொண்டார். தெற்கே முழுச் சுற்றுச் சுற்றினார். தன் இடத்துக்கு வந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு கூண்டு இறக்கினார். ஐந்தாவதை விட்டுவிட்டு நிம்மதியாக முதுகை நிமிர்த்தித் திரும்பினார்.

கடல்மேல் ஒரு நீலக் கோடு கிடந்தது.

துறையில் ஆரம்பித்து, பொய்க் கூண்டைச் சுற்றி, ஓடைக்குள் புகுந்து, தெற்கே வளைந்து, அவர் படகின் வால் வரைக்கும். கலையாமல், தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது புகை. எழும்புகிற வெயில் அதன் மேல் விழுந்து இன்னும் பளிச்சென்று காட்டியது. முப்பத்தொரு வருஷ ரகசியத்துக்குக் கம்பெனிக்காரன் படம் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. ஓடையை விட்டுவிட்டு பாறைத் தீவுகளை வெளியே சுற்றி வந்து, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பதிமூன்று படகு வந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தது ஏவால்ட். இருமிக்கொண்டே வந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். கலர் திரையைப் பார்த்தார். மறுபடி கரையைப் பார்த்தார். கரையில் கண்ணாடி மாளிகை ஒன்று வெயிலில் மின்னியது.

"இது என் வீடுடா!" என்றார்.

"ஆமா மச்சான்."

"என் குளியலறை ஜன்னல் அது!"

"தெரியும். திரைச்சீலை போட்டுக்கோன்னு பல தடவை சொல்லணும்னு நெனச்சிருக்கேன்."

ஏவால்டின் விருந்தாளிகள் தங்கள் பாய்மரப் படகுகளைக் கட்டிப்போடுவதற்காக அந்த முனையில் ஏழெட்டு வெள்ளை மிதவைகள் மிதக்கும். சிக்ஸ்டனின் மிதவைகளும் அதே வெள்ளை. பெயரும் முகவரியும் சட்டப்படி எழுதியிருக்கும். கிட்டப் போய் மூக்கை ஒட்டிப் படித்தால் தெரியும். தன் வீட்டு மிதவையை யார் மூக்கை ஒட்டிப் படிக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமைகளில் ஏவால்ட் வெளிக்கடலில் நண்டோடு மல்லுக்கட்டும் நேரத்தில், சிக்ஸ்டன் அவர் வாசலில் கூண்டு தூக்கிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றுக்குச் சொந்தக்காரன் தட்டைப் பார்க்காதவனாக இருந்தால் மறைக்கலாம்.

"இங்கே வெறும் மணல்தானே? எப்படி சிங்கி வரும்?" என்றார் ஏவால்ட்.

சிக்ஸ்டன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எல்லாம் போயிற்று என்று தெரிந்தபின் வாயை எதற்குக் கட்டுவது?

"மணலாத்தான் இருந்துச்சு. மாமா கட்டின வீட்டை நீ இடிச்சே பாரு, அந்தச் செங்கல்லை எல்லாம் லாரி வச்சு அள்ளினா செலவுன்னு ராத்திரியோட ராத்திரியா கடல்ல தள்ளினியே. அதுதான். செவுரு, புகைபோக்கி, அடுப்பு எல்லாம் கீழே குவிஞ்சு கெடக்கு. சந்து சந்தா இருக்கும். சிங்கிக்கு அதைவிட நல்ல வீடு எது? நீ கட்டினதிலேயே ஒழுங்கான வீடு அதுதான் மச்சான்."

 ஏதோ ஒரு படகில் யாரோ கெக்கெக்கே என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் அது அடங்கவே இல்லை. கடலில் குப்பை கொட்டினது வெளியே வந்ததற்கு வெட்கப்படுவதா, கையில் வெண்ணெய் வைத்துக்கொண்டு முப்பத்தொரு வருஷம் நெய்க்கு அலைந்ததற்கு அழுவதா என்று தெரியாமல் ஏவால்ட் திரையின் பித்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

சிரித்து முடித்ததும் எல்லோரும் கூண்டை இறக்கினார்கள். சிரிப்புக்காக யாரும் சிங்கியை விட்டுவிட மாட்டார்கள். ஏவால்டும் இறக்கினார். சாயங்காலத்துக்குள் அந்த முனையில் தண்ணீரைவிட மிதவை அதிகமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சிக்ஸ்டனின் ஐந்து கூண்டில் ஒரே ஒரு சிங்கி. அதுவும் வயிற்றில் முட்டையோடு இருந்ததால் சட்டப்படி தண்ணீரிலேயே விட வேண்டியதாயிற்று. காலித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு துறையைக் கடந்தார். அரை நிமிஷம்தான் ஆயிற்று. எங்கே பிடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும்தான் தெரியுமே.

வீட்டுக்கு வந்து அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தார். மாய்வோர் காபியை வைத்தாள். அவர் குடிக்கவில்லை. கிழவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வெட்கமாக இருந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"எல்லாம் போச்சு மாய்வோர். அந்த இடம் ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. உன்கிட்டகூடச் சொன்னதில்லை."

மாய்வோர் எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்தாள். நீலப் பூப்போட்ட பீங்கான் ஓட்டுச் சில்லுகள் கலகலவென்று விழுந்தன. இருபது முப்பது இருக்கும்.

"என்ன இது?"

"உன் கால்சட்டைப் பையில இருந்தது. கூண்டுல மாட்டி வர்றதை எடுத்துப் பையில போட்டுக்கறே. வருஷாவருஷம் துவைக்கிறவ நான்தானே?" ஒரு சில்லை எடுத்து விரலால் தடவினாள். "இது எங்க அம்மாவோட அடுப்புச் செவுத்து ஓடு. இந்தப் பூவைப் பாத்துக்கிட்டுத்தான் நான் சாப்பிடக் கத்துக்கிட்டேன். எனக்குத் தெரியாதா அது எங்கே கெடக்குன்னு?"

சிக்ஸ்டன் ஒரு சில்லை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"முப்பது வருஷமாவா?"

"முதல் வருஷத்துல இருந்தே."

"உங்க அண்ணன்கிட்ட ஏன் சொல்லலை? எத்தனை தடவை இந்த நாற்காலியில உக்காந்து உன்னைக் கேட்டிருக்கான்!"

"அவனுக்கு வருஷம் பூராவும் எல்லாம் இருக்கு. உனக்கு ஒரு செவ்வாய்க்கிழமைதான் இருந்துச்சு. அதையும் பிடுங்கிக் குடுக்கணுமா?"

 சிக்ஸ்டன் சில்லுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் திரும்பப் போட்டார். காபி ஆறிப்போயிருந்தது, அப்படியே குடித்தார்.

"இப்ப அதுவும் இல்லை" என்றார்.

"எங்க குடும்பம் கடல்ல கொட்டினது ஒரு இடத்துல மட்டும்னா நெனச்சே?" என்றாள் மாய்வோர். "எங்க தாத்தா குடிச்சுட்டு ஒரு படகு செங்கல்லைக் கவுத்தார். வீட்டுல அதை வெளியே பேசவே கூடாது. ஏவால்டுக்குத் தெரியாது, அவன் அப்ப தொட்டில்ல தூங்கிட்டிருந்தவன். எங்க அம்மா சாகறதுக்கு முன்னாடி என்கிட்டதான் சொன்னா. கடல்ல இருந்து பாத்தா கோயில் கோபுரமும் வெள்ளைப் பாறையும் ஒரே கோட்டுல சேர்ற எடம்."

சிக்ஸ்டன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "எந்த வெள்ளைப் பாறை?"

"போட்ல நானும் வருவேன். கைப்பிடி என்கிட்ட. ஆயிலை ஒரு தடவைதான் ஊத்தணும்."

"சரி. எந்தப் பாறை?"

"முதல்ல பலகை" என்றாள் மாய்வோர்.